நாற்பத்தொன்று முதல் ஐம்பது வரை

ராஜபாளையம்
23-7-89

அன்புள்ள நூர்பானுவுக்கு, கபீர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

பிரசவத்து நாற்பது நாள் முடிந்தது. ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது. பெருநாளுக்காவது உன்னைக் கொண்டுவந்து விடுவார்கள் என்று அம்மா உன் பங்குக்கும் சேர்த்து அரிசி ஊறப்போட்டிருந்தாள். மிஞ்சியதை மறுநாளும் நானும் அவளும் உட்கார்ந்து தின்றோம். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "வீட்டுல இன்னும் வரலையா?" என்று கேட்கிறார்கள். சைக்கிளை வேகமாக மிதிக்கிறேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, "பஸ்ஸ விட்டு ஏன் எறங்கலை?" என்று கேட்டாய். அடுத்த முறை வீட்டுக்கு வந்தபோதும் அதையே கேட்டாய். அதற்கடுத்த முறை நீ அறையை விட்டு வெளியே வரவேயில்லை. நேரில் எனக்கு வாய் குழறுகிறது. எழுத்தில் ஒழுங்காகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் வேலைக்கான பரீட்சைக்கு மதுரை போனேன். திரும்பி வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் உன் அண்ணன் ஜன்னலோரம் வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றார். தலைப்பிரசவம் விடிய விடிய இழுக்கும் என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். கேள்வித்தாளை ஹாலிலேயே பிடுங்கிக்கொள்கிறார்கள், உனக்குத் தெரியும். ஆளுக்குப் பத்துக் கேள்வியை மனதில் தூக்கிக்கொண்டு வந்து, வேறு பேச்சு பேசுமுன் இங்கே சௌந்தரபாண்டியன் சாரின் டியூஷன் சென்டரில் ஒப்பிக்க வேண்டும் என்பது நம் வழக்கம். எனக்கு நாற்பத்தொன்று முதல் ஐம்பது. நான் ஒப்பிக்காவிட்டால் மற்றவர்கள் தூக்கி வந்ததும் அரைகுறையாகிவிடும். சொல்லி முடித்ததும் ஒரு வாய் டீ கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இதில் என் பேரில் என்ன குற்றம் என்று நீயே சொல்.

இன்னொரு விஷயம். சார் புதிய பயிற்சிப் புத்தகம் போடுகிறார். ரீசனிங் பகுதி வழக்கம்போல் என் பொறுப்பு. நீ இல்லாமல் அச்செடுக்க ஸ்டென்சில் எழுத ஆளில்லை, விடையைச் சரிபார்க்கவும் ஆளில்லை. கீழே உள்ளதைப் பார்த்துச் சொல்:

ஒரு நூல் மில்லில் இரவு ஷிப்ட்டில் நூல் அதிகம் அறுகிறது. இரவு ஆட்கள் தூங்கி வழிவதே காரணம் என்கிறார் மேனேஜர். அவர் சொல்வதை எது அசைக்கும்?
அ. இரவு ஆட்களில் பலர் சேத்தூரிலிருந்தும் தளவாய்புரத்திலிருந்தும் வருகிறார்கள்.
ஆ. இரவு ஷிப்ட்டுக்கு மட்டும் மட்டமான பஞ்சு போடப்படுகிறது.
இ. மேனேஜர் நேர்மையானவர்.
ஈ. அறுந்த நூலை ஒட்டுவதில் இரவு ஆட்கள் கெட்டிக்காரர்கள்.

வகுப்பில் பாதிப் பேர் 'ஈ' என்கிறார்கள். ஏன் என்று புரியவில்லை.

உன்
அகமது கபீர்


ஸ்ரீவில்லிபுத்தூர்
30-7-89

மச்சானுக்கு, நூர்பானு. வஅலைக்கும் ஸலாம்.

நலம் என்று எழுதிப் பழகிய கை. இந்த முறை எழுதவில்லை.

மில் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். பிள்ளைகள் 'ஈ' என்று சொல்வதில் அதிசயமில்லை. மேனேஜர் இரவு ஆட்களைத் திட்டுகிறார். 'ஈ' அவர்களைப் புகழ்கிறது. திட்டுக்குப் பதில் புகழ் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் நூல் ஏன் அறுகிறது என்பது கேள்வி. அறுந்த பிறகு யார் நன்றாக ஒட்டுகிறார்கள் என்று மேனேஜர் கேட்கவில்லை. விடை 'ஆ'. மற்ற மூன்றின் பக்கத்திலும் நீங்கள் சிவப்புப் பென்சிலில் எழுதுவதை எழுதிக்கொள்ளுங்கள்: உண்மை, ஆனால் சம்பந்தமில்லை.

எத்தனை ஸ்டென்சிலில் அந்த வார்த்தையை எழுதியிருப்பேன் மச்சான். எழுத்தாணி பிடித்து விரலில் காய்ப்பு ஏறியிருந்தது. இப்போது அது உதிர்ந்துவிட்டது. ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்ததும் கை பென்சிலைத்தான் தேடியது.

டாக்டர் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. உண்மை. நீங்கள் மதுரைக்குப் போனதை நான் ஒருநாளும் கேட்கவில்லை. அன்று காலையில் நானே உங்களுக்காக துஆ செய்திருந்தேன். சம்பந்தமில்லை. தலைப்பிரசவம் இழுக்கும் என்று ஊர் சொல்லும். ஊர் அன்றைக்கு அந்த பஸ்ஸில் இல்லை, நீங்கள் இருந்தீர்கள். பத்துக் கேள்வி ஒப்பிக்காவிட்டால் அரைகுறையாகிவிடும். அதுவும் உண்மைதான், நான் மறுக்கவில்லை. டீ குடிக்காமல் வந்தீர்கள் என்பதற்கு என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. அம்மா பயந்துபோய் எட்டிப் பார்த்தாள்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. பஸ் நின்றது. ஆஸ்பத்திரி அங்கிருந்து நடக்கிற தூரம். அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எறங்குங்க மச்சான்" என்றான். நீங்கள் இறங்கவில்லை. ஏன்?

குற்றம் யார் பேரில் என்று தீர்ப்புச் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். அது நீங்களாகப் போட்டுக்கொண்ட கேள்வி. எனக்கு அதற்குத் தெம்பில்லை.

நூர்பானு


ராஜபாளையம்
8-8-89

நூர்பானு,

உன் கடிதம் கிடைத்தது. மனிதனுக்கு மனிதன் எழுதுகிற கடிதமா அது? விடைத்தாள் திருத்தியது போல இருக்கிறது. நான் சொல்லிக் கொடுத்ததை வைத்தே என்னைக் குத்துகிறாய். குத்து. ஆனால் ஒன்றை மட்டும் நீ வசதியாக விட்டுவிட்டாய்.

உன் அண்ணன் என்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. பிள்ளை பகலிலேயே உயிரில்லாமல் பிறந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், "ஆஸ்பத்திரியில சேத்திருக்கு, எறங்குங்க" என்று மட்டும்தான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்திருப்பேன். கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே இருந்தான். பின்னால் வேறு பஸ் ஹாரன் அடித்தது. "கேள்வியச் சொல்லிட்டு அடுத்த பஸ்ல வாரேன்" என்று நான் சொன்னதற்கு அவர் தலையைக்கூட ஆட்டவில்லை, அப்படியே நின்றார். நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இதற்கும் 'சம்பந்தமில்லை' போடுவாயோ?

அம்மாவுக்கு முட்டிவலி. தண்ணீர் குடத்தை நான்தான் தூக்குகிறேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவள், "பெரியவங்கள வச்சிப் பேசுவோம்லே, எம்புட்டு நாளைக்கு இப்படி?" என்கிறாள். ஜமாஅத்தில் இரண்டு பேர் ஏற்கெனவே அவளிடம் கேட்டுவிட்டார்கள். பேச உட்கார்ந்தால் அது எதில் போய் முடியும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சேர்த்துவைக்கப் போய்ப் பிரித்துவைத்துவிட்டு வந்த கதை நம் தெருவிலேயே இருக்கிறது. அதனால்தான் தடுத்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை நாள் தடுக்க முடியும் என்று சொல்ல முடியாது.

சென்டர் பையன் ஐயாதுரை ஸ்டென்சில் எழுதப் பழகுகிறான். எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. எனக்கும் களைப்பாக இருக்கிறது நூர்பானு. பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தால் ஒரே பக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்கிறேன்.

கபீர்


ஸ்ரீவில்லிபுத்தூர்
20-8-89

மச்சானுக்கு,

அண்ணன் முழுதாகச் சொல்லவில்லை என்பது உண்மை. இதற்கு நான் 'சம்பந்தமில்லை' போடவில்லை. கேள்வியைத் தொடுகிற பதில் இது ஒன்றுதான். ஆனால் அவன் ஏன் சொல்லவில்லை என்பதையும் கேளுங்கள்.

பகலிலிருந்து அவன் மதுரை பஸ் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றான். பாத்திரக்கடையைப் பூட்டிவிட்டுப் போய் நின்றான். கடைசியில் உங்கள் முகத்தை ஜன்னலில் பார்த்ததும் அழுகை வந்துவிட்டதாம். பஸ் நிறைய ஆள். "அத்தனை பேரு முன்னால, ஒங்க பிள்ளை மவுத்தாயிருச்சின்னு எப்படிம்மா கூவுறது? எறங்குனதும் கையப் பிடிச்சிச் சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றான். நீங்கள் இறங்குவீர்கள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. பஸ் போன பிறகும் அங்கேயே நின்றிருக்கிறான். யாரோ தெரிந்தவர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்.

பெரியவர்களை வைத்துப் பேசட்டும். வந்து என்ன சொல்வார்கள்? இங்கே தினமும் சொல்வதைத்தான் சொல்வார்கள். "சின்ன வயசு, அடுத்தது பெறந்துரும்." "அல்லா குடுத்தான், அல்லா எடுத்துக்கிட்டான்." "ஏட்டி, ஆம்பிளைக்கு ஆயிரம் சோலி இருக்கும்." எல்லாம் உண்மை. எதுவும் பொய்யில்லை. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இதில் எதைக் கொண்டுபோய் நான் எங்கே வைத்துக்கொள்வது?

அன்று அஸர் தொழுகை முடிந்தும் எல்லோரும் உங்களுக்காகக் காத்திருந்தார்கள். அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். "அத்தாக்காரரு ஒரு தடவ மொகத்தப் பாத்துரட்டும்" என்று பெரியம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். இருட்டிக்கொண்டு வந்தது. அதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று அண்ணன் தூக்கிக்கொண்டு போனான். பொம்பளை நான் மையவாடிக்குப் போக முடியாது. இப்போது கேட்டாலும், "நல்ல எடம்தாம்மா" என்று மட்டும் சொல்கிறான். மேலே ஏதாவது கேட்டால் கடைச்சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். என் பிள்ளை எந்த மூலையில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது மச்சான். வெயிலிலா, மரத்தடியிலா என்று கூடத் தெரியாது.

நீங்கள் இரண்டு மாதத்துக்கு மேலாகப் பதில் மேல் பதிலாகச் சொல்கிறீர்கள். ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். உங்கள் கடிதங்களில் பிள்ளையைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வி ஒன்றாவது இருக்கிறதா? என் மனது விட்டுப்போனது அதில்தான்.

நூர்பானு


ராஜபாளையம்
3-9-89

நூர்பானு,

பத்து நாளாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அண்ணன் சாகுல் மச்சான் முகத்தை நான் பார்த்தேன். அவர் வாய் சொன்னது ஒன்று, முகம் சொன்னது வேறு. நல்ல செய்தி சொல்ல வந்தவர் கம்பியை அப்படிப் பிடித்திருக்கமாட்டார். என்னவோ ஆகிவிட்டது என்று எனக்கு அந்த நிமிஷமே தோன்றியது. உனக்கா, பிள்ளைக்கா என்றுதான் தெரியவில்லை.

இறங்கினால் அது என்னவென்று தெரிந்துவிடும். தெரிந்தபின் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். நின்று என்ன சொல்வேன்? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சென்டரில் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். "நாப்பத்தொண்ணு என்ன சார்?" என்று கேட்பார்கள், நான் சொல்லலாம். நாற்பத்திரண்டு கேட்பார்கள், அதையும் சொல்லலாம். அங்கே என்னிடம் பத்துப் பதில் இருந்தது. உன்னிடம் வந்தால் ஒன்றும் கிடையாது. பஸ் கிளம்பியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அசிங்கமான நிம்மதி. அதை வைத்துக்கொண்டுதான் பத்தையும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன். சார் எல்லோர் முன்னாலும் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இதற்கு என்ன போடுவாயோ போடு.

நீ சொன்னபடி கடிதங்களை நினைத்துப் பார்த்தேன். நான் எதுவும் கேட்டிருக்கவில்லைதான். கேட்கப் பயமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. பெண் பிள்ளை என்பது மட்டும் தெரியும். முகம் எப்படி இருந்தது?

கபீர்


ஸ்ரீவில்லிபுத்தூர்
11-9-89

மச்சானுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பங்கரையில் போய் அழுதேன். அம்மா வெங்காயம் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்தப் பதில் கேள்விக்குப் பொருந்துகிறது. கோபம் வந்தது, ஆனாலும் பொருந்துகிறது. இதை அன்றைக்கே, அந்தக் கட்டிலோரத்திலேயே சொல்லியிருக்கலாம். ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று நான் சொல்லியிருப்பேன். இரண்டு பேரும் தெரியாமலே உட்கார்ந்திருந்திருப்போம். அதற்குப் பதிலாக நீங்கள் எந்த பஸ் எப்போது கிளம்பியது என்று பஸ் நேரம் சொன்னீர்கள்.

ஆனால் பொருந்துகிற பதில் எல்லாம் போதுமான பதில் ஆகிவிடாது. இதுவும் நீங்கள் வகுப்பில் சொல்வதுதான். ஏன் இறங்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதால் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட முடியவில்லை. மனது இருந்த இடத்திலேயே இருக்கிறது, நான் என்ன செய்ய?

முகம் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லமாட்டேன், இப்போது சொல்லமாட்டேன். அது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. பிள்ளையின் முகத்தை நான் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை. அது கிடக்கிற இடத்துக்கு நீங்கள் போகலாம், நான் போக முடியாது. நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள். அண்ணன் காட்டுவான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவன் அங்கே போய்விட்டுத்தான் கடை திறக்கிறான். என்னிடம் மறைக்கிறதாக நினைப்பு.

இன்னும் பெயர் வைக்கவில்லை. அன்றைக்குப் பள்ளிவாசல் ஹஜ்ரத் கேட்டதற்கு, "அத்தா வந்து வைக்கட்டும்" என்று அண்ணன் சொல்லிவிட்டானாம். நீங்கள் வரவில்லை, அது அப்படியே கிடக்கிறது.

நூர்பானு


ராஜபாளையம்
24-9-89

நூர்பானு,

அக்டோபர் பதினைந்து ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. வயது வரம்புப்படி எனக்கு இதுதான் கடைசி. அதற்கு முன்னால் வந்தால் என்னால் உட்கார்ந்து படிக்க முடியாது, அதை மறைக்காமல் சொல்கிறேன். பரீட்சை முடிந்து வருகிறேன். இந்த முறையும் எனக்கு நாற்பத்தொன்று முதல் ஐம்பதுதான். சார் மாற்றவில்லை. நான் மாற்றச் சொல்லவும் இல்லை.

இதையும் ஒரு சாக்கு என்று நீ நினைக்கலாம். அம்மாவிடம், பெரியவர்கள் பேச்சைப் பரீட்சை முடியும் வரை எடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். "ஒம் பரீச்ச முடியவே முடியாதுலே" என்றாள்.

கபீர்


ஸ்ரீவில்லிபுத்தூர்
28-9-89
(தபால் அட்டை)

மச்சானுக்கு,

சரி.

நூர்பானு


ராஜபாளையம்
17-10-89

அன்புள்ள நூர்பானு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டு உன் வீட்டுப் படியேறாமல் போனது உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். கோபித்துக்கொள்ளாதே. எழுதத்தானே சொன்னாய். நேரில் வந்தால் மறுபடியும் வாய் குழறியிருக்கும்.

பரீட்சை சுமாராக எழுதினேன். திரும்பும்போது மாரிசாமியும் கூட இருந்தான். அவனுக்கு ஐம்பத்தொன்று முதல் அறுபது. நத்தம்பட்டி தாண்டியதும் இருவரும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தோம். எனக்குப் பத்தும் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டில் பஸ் நின்றது. நான் எழுந்தேன். மாரிசாமி, "அண்ணே, எங்க போறீய? கேள்வி?" என்றான். "நீ போ, பொறவு வாரேன்" என்றேன். அவன் கையைப் பிடித்து இழுத்தான். உதறிவிட்டு இறங்கினேன்.

சாகுல் மச்சான் கடையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். கடையைப் பூட்டினார். மையவாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் நின்று, "ஒங்க மேல எனக்குக் கோவந்தான் மச்சான்" என்றார். நான் ஆமாம் என்றேன்.

இடத்தைச் சொல்கிறேன். வாசலிலிருந்து நேராகப் போனால் பெரிய வேப்பமரம் வரும். அதற்கு வலது பக்கம், மேற்குச் சுவரை ஒட்டி. வெயில் படாது. பகலிலும் மர நிழலும் சுவர் நிழலும் மாறி மாறி விழும் என்றார் மச்சான். மண்மேடு என் முழங்கைக்குக் கொஞ்சம்தான் அதிகம். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, சின்னதாக இரண்டு கல் நட்டிருக்கிறார். கடையில் எடைக்கல் மாதிரி அவ்வளவு சின்னது. மேட்டின் மேல் பழைய மண்பானையை உடைத்துக் கவிழ்த்து, மழைக்கு மண் கரையாமல் வைத்திருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் மலை தெரிகிறது. முந்தின நாள் மழை பெய்திருந்ததால் பச்சையாக இருந்தது. பக்கத்தில் இன்னும் நான்கைந்து சின்ன மேடு உண்டு. தனியாக இல்லை.

துஆ ஓதினேன். ஓதி முடித்து, பெயர் அசீனா என்று சொன்னேன். உன்னைக் கேட்காமல் வைத்ததற்கு மன்னித்துக்கொள். பிடிக்காவிட்டால் நீ வேறு வை, போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். மச்சான் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். ஜூன் மாதத்திலிருந்து நான் அழவேயில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சென்டருக்குப் போனபோது விளக்கு வைத்துவிட்டார்கள். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சார், "நாற்பத்தொன்று?" என்றார். வாயைத் திறந்தேன், ஒன்றுமே இல்லை. நாற்பத்தேழு மட்டும் பாதி ஞாபகம் வந்தது, அதையும் தப்பாகச் சொன்னேன். "கபீர், ஒன்ன நம்பித்தானப்பா இருந்தேன்" என்றார் சார். பதில் சொல்லாமல் நின்றேன். நிற்க முடிந்தது.

நீ எப்போது எழுதுகிறாயோ அப்போது எழுது.

உன்
கபீர்


ஸ்ரீவில்லிபுத்தூர்
29-10-89

அன்புள்ள மச்சானுக்கு, நூர்பானு எழுதுவது. வஅலைக்கும் ஸலாம்.

உங்கள் கடிதத்தை அண்ணனே கொண்டுவந்து கொடுத்தான். கடைசி வரை படித்துவிட்டு, வேப்பமரத்துக்கு வலது பக்கமா என்று அவனைக் கேட்டேன். ஆமாம் என்றான். முதல் தடவையாகச் சாவியைத் தேடாமல் உட்கார்ந்து பேசினான். பானை உடைத்துக் கவிழ்த்ததை என்னிடம் ஏன் மறைத்தாய் என்று திட்டினேன். இப்போது மழை பெய்தால் எனக்குத் தூக்கம் வருகிறது.

இந்தப் பரீட்சையின் கேள்விகளைப் போட்ட சென்டர் புத்தகமும் வந்தது. ஐயாதுரையின் எழுத்து நீங்கள் சொன்னதைவிட மோசம். நாற்பது வரை இருக்கிறது. பிறகு பாதிப் பக்கம் வெள்ளையாக விட்டு, 'நாற்பத்தொன்று முதல் ஐம்பது வரை கிடைக்கவில்லை' என்று போட்டிருக்கிறான். அதற்குப் பிறகு ஐம்பத்தொன்று. அந்தப் பாதிப் பக்கத்தை நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மில் கேள்வியில் 'ஈ'யை நாம் தள்ளியது சரிதான். நூல் ஏன் அறுந்தது என்பதற்கு அது பதிலில்லை. ஆனால் அறுந்துதான் போயிற்று என்றால், அப்புறம் மில்லுக்கு வேண்டியது அந்த ஆட்கள்தான். இதைப் புத்தகத்தில் போட முடியாது.

கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். அதையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் வருவேன். ஒருநாள் சோறு வடிக்கும்போது திடீரென்று, "ஏன் எறங்கலை?" என்று மறுபடியும் கேட்பேன். கேட்டால் பஸ் நேரம் சொல்லாதீர்கள். மாமியிடம் பெரியவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு இங்கே வாருங்கள். அண்ணனோடு போய் அசீனாவைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது.

முகத்தைச் சொல்கிறேன்.

தலை நிறைய முடி. ஈரம் காய்ந்ததும் நெற்றியில் வந்து விழுந்தது, பெரியம்மா ஒதுக்கிவிட்டார். நிறம் என்னைப் போல. கண் மூடியிருந்தது, இமை முடி நீளம். மூக்கு யாருடையதென்று சொல்லத் தெரியவில்லை. மேல் உதடு கொஞ்சம் தூக்கியிருந்தது. ஏதோ கேட்க வந்து நிறுத்திக்கொண்டது போல எனக்குப் பட்டது. இடது காதின் மேல்மடல் உள்பக்கமாக மடிந்திருந்தது, உங்களுக்கு இருக்கிற மாதிரியே. நான் விரலால் நிமிர்த்திப் பார்த்தேன். விட்டதும் திரும்ப மடிந்துகொண்டது. அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. நீங்கள் வந்ததும் காட்டலாம் என்று அன்றைக்கு இருட்டும் வரை வைத்திருந்தேன்.

நூர்பானு